மருந்து கேட்காத கிருமிக்கு மூலிகைச் சாறு: குமரி மாவட்டத்தில் புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் மழை கொஞ்சம் விட்டதும் என் மேசைமேல் பிளாஸ்டிக் கவர்கள் வந்து சேரும். உள்ளே வாடிய இலைகள். "மிஸ், இது எங்க அம்மச்சி புண்ணுக்கு அரைச்சுப் போடுறது. இத வச்சு எம்ஆர்எஸ்ஏ பண்ணலாமா?" (எம்ஆர்எஸ்ஏ என்பது மெத்திசிலின் போன்ற மருந்துகள் கேட்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா. அதை இந்த இலைச் சாறு தடுக்குமா என்று சோதிப்பதைத்தான் கேட்கிறார்கள்.)

பண்ணலாம். ஆனால் கவர் என் மேசைக்கு வரும்போதே பாதித் தவறு நடந்து முடிந்திருக்கும். இலை ஈரத்தோடு கட்டிக் கிடக்கும். பூவும் காயும் இல்லாமல் இலையை மட்டும் உருவி வந்திருப்பார்கள். எங்கே, என்றைக்குப் பறித்தது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலோ தாவரவியலோ படித்துவிட்டு முதல்முறையாக இந்த வேலையில் கை வைக்கிறவர்களுக்காக, நடக்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பேசிவிடலாம். ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏற்றுகிற ஆன்டிபயாடிக் எதுவும் செடியிலிருந்து வந்ததில்லை. பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்தது, சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை ஆய்வுக்கூடத்திலேயே செய்தவை. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் செடியிலிருந்துதான் கிடைத்தது, அதற்காக டு யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது பாக்டீரியா இல்லை. ஆகவே ஆறு மாதத்தில் மருந்து கண்டுபிடிக்கப் போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேவை இருப்பது உண்மை. 2019இல் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. நம் வேலை அதில் ஒரு சின்னக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது: இந்தச் சாறு, இந்தக் கிருமியை, எவ்வளவு அளவில் தடுக்கிறது?

செடியும் அதன் சாட்சியும்

காட்டுக்குப் போக வேண்டாம். பேச்சிப்பாறைக்கு மேலே, கீரிப்பாறைப் பக்கம் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் மாவட்டத்துக் காட்டின் பெரும்பகுதி 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இலையும் பறிக்கக் கூடாது. மருத்துவாழ் மலையில் அனுமன் சிந்திய சஞ்சீவி இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முதல் புராஜெக்ட்டுக்கு வீட்டு விளையும் வேலியோரமும் தாராளமாகப் போதும். நொச்சி, குப்பைமேனி, ஆடாதோடை, கற்பூரவள்ளி இருக்கின்றன. ரப்பர் தோட்டத்து ஓரமெல்லாம் கம்யூனிஸ்ட் பச்சை இருக்கிறது. அம்மச்சி புண்ணுக்குப் போட்டது பெரும்பாலும் அதுதான். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னுரையில் "பன்னெடுங்காலமாகச் சித்தர்கள்" என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வைத்தியரிடமோ மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட செடி என்றால் கதை வேறு. அந்த அறிவு அவர்களுடையது. 1987இல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் ஆய்வாளர்கள், வழிகாட்டியாக வந்த காணிகள் களைப்புத் தெரியாமலிருக்கத் தின்ற ஆரோக்கியப்பச்சையைப் பார்த்துத்தான் 'ஜீவனி' மருந்தைச் செய்தார்கள். உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று பிறகு ஏற்பாடானது. உங்கள் புராஜெக்ட் அவ்வளவு தூரம் போகாது. இருந்தாலும் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள், சம்மதத்தை எழுதி வாங்குங்கள், எந்தப் பகுதியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தக்கலைப் பக்கம் ஒரு பாட்டி என் மாணவியிடம், "மக்கா, அது காயத்துக்காக்கும், வயித்துக்கு இல்ல" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் எந்த பாக்டீரியாவைச் சோதிப்பது என்று முடிவு செய்தோம். காயம் என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ். ஈ.கோலியோடு தொடங்கியிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்கும்.

அப்புறம் அடையாளம். கீழாநெல்லி என்று நீங்கள் கொண்டுவருவது ஃபில்லாந்தஸ் அமாரஸாக இருக்கலாம், ஃபில்லாந்தஸ் யூரினேரியாவாகவும் இருக்கலாம். நின்று பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கைலென்ஸை எடுத்து இலைக்கு அடியில் காயைப் பாருங்கள். அமாரஸின் காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கும். யூரினேரியாவின் காய் காம்பே இல்லாததுபோல ஒட்டியிருக்கும், மேலே சொரசொரப்பு. இதைப் பார்க்கப் பூவும் காயும் வேண்டும் என்பதால்தான் இலையை மட்டும் உருவி வராதீர்கள் என்கிறேன். முழுச் செடியை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியம் (உலர்செடிச் சேமிப்பு) தாளில் ஒட்டி, வகைப்பாட்டியல் தெரிந்தவரிடம் காட்டி, எண் வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாத ஆய்வை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

காய வைப்பதில்தான் எல்லாம் கெடும்

நம்மூருக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஒன்று, அக்டோபர் முதல் இன்னொன்று. நடுவில் ஈரக்காற்று. இலையை நிழலில் பரப்பினால் மூன்றாம் நாள் கறுத்து, ஐந்தாம் நாள் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த இலையை ஏன் எறியச் சொல்கிறேன் தெரியுமா? பூஞ்சை தானே ஆன்டிபயாடிக் செய்யும். பெனிசிலின் எங்கிருந்து வந்தது என்று மேலேதான் பார்த்தோம். கிருமி வளர்க்கும் தட்டில் சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் (ஜோன் என்போம்) வந்தால் அது செடியுடையதா பூஞ்சையுடையதா என்று பிரிக்க முடியாது.

முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் பறியுங்கள். கழுவி, நீரை வடித்து, வெள்ளைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஃபேன் காற்றில் நிழலிலேயே விடுங்கள். மழைக்காலம் என்றால் 40 டிகிரியில் ஓவன். இலையை நொறுக்கினால் சத்தத்தோடு உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

இங்கே ஒரு கதை. குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், நல்ல உழைப்பாளி, ஆடி மழையில் எட்டுச் செடி உலர்த்திக் கொண்டுவந்தான். மொறுமொறு என்று அவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தது. எட்டுச் சாற்றையும் தட்டில் வைத்தோம். எட்டிலும் ஜோன்! அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நானும் ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தபோது ஏதோ உறுத்தியது. எட்டுக்கும் ஒரே வாசனை. "எங்கடே காய வச்ச?" என்றேன். வீட்டில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறையில், கொடியில் ஷீட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறான். ஷீட்டில் பூஞ்சை வராமலிருக்கத்தானே புகை போடுகிறோம்? அந்தப் புகையில் ஃபீனால்கள் இருக்கின்றன. அவை பாக்டீரியாவையும் விடாது. சந்தேகம் தீர, வெறும் ஃபில்டர் பேப்பரை அதே அறையில் நான்கு நாள் தொங்கவிட்டு, துண்டு துண்டாக வெட்டி மெத்தனாலில் ஊறவைத்துச் சோதித்தோம். காகிதத்துக்கும் ஜோன் வந்தது. அந்தத் தட்டின் போட்டோ இன்றைக்கும் எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் இருக்கிறது.

சாறு எடுப்பது

இது எளிய வேலை, பொறுமைதான் வேண்டும். 10 கிராம் பொடிக்கு 100 மில்லி கரைப்பான். ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், கடைசியில் தண்ணீர் என்று வரிசையாகப் போனால் எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் முதலிலும் நீரில் கரைபவை கடைசியிலும் பிரிந்து வரும். ஷேக்கரில் 24 முதல் 72 மணி நேரம். வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் கரைப்பானை ஓட்டிவிடுங்கள். மெத்தனாலும் ஹெக்சேனும் தீப்பிடிக்கும், மெத்தனால் கண்ணையும் பறிக்கும். ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்கு வெளியே, அடுப்புப் பக்கத்தில் இந்த வேலையே கூடாது.

மிஞ்சிய பசையை எடை போட்டு எழுதுங்கள். 10 கிராமிலிருந்து 1.2 கிராம் வந்தால் விளைச்சல் 12 சதவீதம். பசையில் கரைப்பான் ஒளிந்திருக்கும். இரண்டு நாள் டெசிக்கேட்டரில் வைத்துத் திரும்ப எடை போடுங்கள், எடை குறையாமல் நிற்க வேண்டும். பிறகு டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று கரைத்து, சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள். சாற்றை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைக்காதீர்கள். அது கஷாயமாகிவிடும்.

ஆரம்பத்தில் கை பழக, கிராம்பை ஒரு செடியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். மாறாமலைக் கிராம்பு நம் மாவட்டத்தின் பெருமை, புவிசார் குறியீடும் பெற்றது. அதிலுள்ள யூஜினால் பாக்டீரியாவைத் தடுக்கும் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். உங்கள் கிராம்புச் சாறு வேலை செய்யவில்லை என்றால் குறை கிராம்பில் இல்லை, உங்கள் முறையில்.

எந்தக் கிருமி

முதலில் தரப்படுத்திய கிருமிகள் (ஏடிசிசி என்பது அமெரிக்கக் கிருமிச் சேமிப்பு, எண் அதன் பட்டியல் எண்): ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, ஈ.கோலி ஏடிசிசி 25922, சூடோமோனாஸ் ஏடிசிசி 27853, எம்ஆர்எஸ்ஏவுக்கு ஏடிசிசி 43300. இந்தியாவில் சண்டிகரிலுள்ள எம்டிசிசி சேமிப்பிலிருந்தும் கல்லூரி மூலமாகக் கிருமிகளை வாங்கலாம். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமி வேண்டும் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதியும், பழகிய ஒருவர் பக்கத்திலும் இருக்க வேண்டும். தெரிந்த லேபிலிருந்து பையில் போட்டு வாங்கி வருவது என்கிற பேச்சே வேண்டாம்.

'மருந்து கேட்காத கிருமி' என்று தலைப்பு வைத்தால் அதைக் காட்டவும் வேண்டும். எம்ஆர்எஸ்ஏ என்றால் செஃபாக்சிட்டின் என்ற ஆன்டிபயாடிக் 30 மைக்ரோகிராம் ஏற்றிய காகித வட்டு வைத்துப் பாருங்கள். வளையம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால்தான் எம்ஆர்எஸ்ஏ. ஃப்ரீசரில் வருஷக்கணக்காகக் கிடந்த கிருமி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குணத்தை இழந்திருக்கும் சாத்தியமும் உண்டு.

தட்டு

கிருமி வளர்க்க முல்லர் ஹின்டன் அகார் என்ற ஊடகம், 4 மில்லிமீட்டர் கனம். 90 மில்லிமீட்டர் தட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லி. மிச்சம் பிடிக்கிறேன் என்று 15 மில்லி ஊற்றினால் ஜோன் பெரிதாகத் தெரியும். பலருக்கு அது பிடித்தும் போகும். கிருமிக் கலவையை 0.5 மேக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் தர அளவு) கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். மில்லிக்கு ஏறக்குறைய 15 கோடி கிருமிகள். 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில், தட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பித் தேயுங்கள். 6 மில்லிமீட்டர் குழி போட்டுச் சாற்றை விட்டு, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். தட்டைக் கவிழ்த்துப் பின்பக்கமிருந்து கேலிப்பரால் அளக்க வேண்டும்.

கண்ட்ரோல் குழிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் டிஎம்எஸ்ஓ ஒரு குழி. ஆன்டிபயாடிக் வட்டு ஒன்று. இலையே போடாமல் கரைப்பானை மட்டும் அதே வழியில் வடிகட்டி ஆவியாக்கி எடுத்தது ஒரு குழி. டிஎம்எஸ்ஓ குழியிலும் வளையம் வந்தால் அன்றைய தட்டுகள் எல்லாம் குப்பை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மூன்று தட்டு வைத்துவிட்டு 'மூன்று முறை செய்தோம்' என்று எழுதுவது நடக்கிறது. மூன்று தனித்தனி நாள்களில், புதிதாக வளர்த்த கிருமியில் செய்ய வேண்டும்.

இனி, யாரும் விரும்பிக் கேட்காத கணக்கு. மில்லிக்கு 100 மில்லிகிராம் சாற்றில் 100 மைக்ரோலிட்டர் குழியில் விட்டால் உள்ளே போனது 10 மில்லிகிராம். பக்கத்திலுள்ள சிப்ரோஃப்ளாக்சசின் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். 'எங்கள் சாறு சிப்ரோவுக்குச் சமமான ஜோன் கொடுத்தது' என்று எழுதுமுன் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு செடிகளின் ஜோனையும் மில்லிமீட்டர் வைத்து ஒப்பிட முடியாது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் அகாரில் சரியாகப் பரவாது. வீரியம் அதிகமாக இருந்தும் சின்ன வளையம்தான் தரும்.

எம்ஐசி: உண்மையான அளவு

ஜோன் என்பது ஆமாம், இல்லை என்று சொல்கிற பரீட்சை. எவ்வளவு என்பதற்கு எம்ஐசி, அதாவது கிருமி வளராமல் நிற்கும் மிகக் குறைந்த அளவு. 96 குழித் தட்டில் செய்வது. எல்லாக் குழியிலும் 100 மைக்ரோலிட்டர் பிராத், அதாவது கிருமி வளரும் திரவ ஊடகம். முதல் குழியில் மட்டும் அது மில்லிக்கு 2000 மைக்ரோகிராம் சாறு கலந்த பிராத் 200 மைக்ரோலிட்டராக இருக்கட்டும். அதிலிருந்து 100 எடுத்து அடுத்ததில் கலந்து, அதிலிருந்து 100 எடுத்து அதற்கடுத்ததில் என்று பத்தாவது வரை போங்கள். பத்தாவதில் எடுத்த 100ஐ எறிந்துவிடுங்கள். பதினொன்றாவதில் சாறில்லாமல் கிருமி மட்டும். பன்னிரண்டாவதில் கிருமியே இல்லாத பிராத். 0.5 மேக்ஃபார்லண்ட் கலவையை 150 மடங்கு நீர்க்கச் செய்து, பன்னிரண்டாவதைத் தவிர மற்றவற்றில் 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். இப்போது முதல் குழியில் 1000 மைக்ரோகிராம், அடுத்து 500, 250, 125 என்று இறங்கி நிற்கும். டிஎம்எஸ்ஓவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

மறுநாள் காலை தட்டை எடுத்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் உங்கள் சாறே பச்சையாகக் கலங்கலாக இருக்கும். அதற்குத்தான் ரெசசூரின் என்ற சாயம். 0.015 சதவீதக் கரைசலில் 30 மைக்ரோலிட்டர் ஒவ்வொரு குழியிலும் விட்டு இரண்டு மணி நேரம் காத்திருங்கள். உயிருள்ள கிருமி இருக்கும் குழி நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகும். நீலமாகவே நிற்கும் கடைசிக் குழிதான் எம்ஐசி. இதிலும் ஒரு பொறி உண்டு: சில சாறுகள் கிருமியே இல்லாமலும் ரெசசூரினை ரோஸாக்கிவிடும். அதனால் சாறும் பிராத்தும் ரெசசூரினும் மட்டும், கிருமி இல்லாமல், ஒரு வரிசை தனியாக வையுங்கள்.

கிடைத்த எண்ணை என்ன செய்வது? பிரிக்காத சாற்றுக்கு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் உட்கார்ந்து பேசலாம். 1000க்கு மேல் என்றால் அந்தச் சாற்றை விட்டுவிடலாம். 'மிதமான செயல்பாடு' என்று பூசி எழுத வேண்டாம். ஈ.கோலி 25922க்கு சிப்ரோஃப்ளாக்சசினின் எம்ஐசி 0.004 முதல் 0.016 வரைதான். உங்கள் 100 அதைவிட ஆறாயிரம் மடங்குக்கு மேல். பிரிக்காத சாறு பல பொருள்களின் கலவை, வீரியமுள்ளது அதில் ஒரு சிட்டிகையாக இருக்கலாம் என்பதும் உண்மைதான்.

ஸ்டெஃபைலோகாக்கஸில் நன்றாக வேலை செய்த சாறு ஈ.கோலியிடமும் சூடோமோனாஸிடமும் படுத்துவிடும். பதறாதீர்கள். அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அதையும் தாண்டி உள்ளே போனதை வெளியே இறைத்துவிடும் பம்புகளும் உண்டு. இந்தப் பம்பு ஸ்டெஃபைலோகாக்கஸிலும் இருக்கிறது, அதன் பெயர் நோர்ஏ. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினை அது இறைத்து வெளியே தள்ளும். பெர்பெரின் செய்கிற ஒரு பெர்பெரிஸ் செடியே, அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் செய்து வைத்திருக்கிறது என்று 2000இல் கண்டார்கள். பிரித்தெடுத்தால் வீரியம் குறைந்துபோகிற சாறுகளுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மிளகின் பைபரினும் நோர்ஏவைத் தடுக்கும் என்று சோதனைக்குழாயில் காட்டியிருக்கிறார்கள். அதனால் தனியாகத் தோற்ற சாற்றை எறியுமுன், ஆன்டிபயாடிக்கோடு பல அளவுகளில் கட்டம் கட்டமாகக் கலக்கும் செக்கர்போர்டு முறையில் ஒருமுறை பாருங்கள். சேர்க்கையில் ஒவ்வொன்றின் எம்ஐசியும் தனியாக இருந்த எம்ஐசியில் எத்தனை பங்கு என்று பின்னமாக எழுதி, இரண்டையும் கூட்டினால் 0.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். என்னைக் கேட்டால் நம் ஊர்ச் செடிகளுக்கு நல்ல வாய்ப்பு இந்த வழியில்தான். (மரமஞ்சளைத் தேடிக் காட்டுக்குப் போகாதீர்கள், அது ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கிறது.)

எம்ஐசி நன்றாக வந்த சாற்றை ரத்தச் சிவப்பணுக்களோடு வைத்து அவை உடைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கிருமியைக் கொல்கிற அதே அளவில் ரத்த அணுவையும் உடைத்தால் அது சோப்புத் தண்ணீர் செய்கிற வேலைதான். டானின் நிறைந்த சாறுகளிலும் கவனம்: அவை கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துத் திரட்டிவிடும், அதை வீரியம் என்று நினைத்துக்கொள்வோம்.

வேலை முடிந்த தட்டுகளை 121 டிகிரியில் குறைந்தது அரை மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் மஞ்சள் பையில் போட வேண்டும். கழுவுதொட்டியில் கொட்டினால் நாம் தேடிப் பிடித்த எம்ஆர்எஸ்ஏ நேராகச் சாக்கடைக்குப் போகும்.

இந்த வேலையில் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு அக்கா வந்தார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். "நீங்க கண்டுபிடிச்ச பச்சிலைத் தைலம் ஒரு பாட்டில் தாங்கம்மா" என்றார். கண்டுபிடிப்பும் இல்லை, தைலமும் இல்லை; அதில் டிஎம்எஸ்ஓ இருக்கிறது, கால் போய்விடும் என்று சொல்லி, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்துக் கல்ச்சர் வைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். வரிசையாக எட்டு மருந்துக்கு நேரே 'ஆர்', அதாவது கிருமி கேட்காது. இரண்டுக்கு மட்டும் 'எஸ்', அதாவது கேட்கும். அந்த இரண்டில் ஒன்றுதான் அவருக்குக் கேட்டது. எங்கள் சாறு இன்னும் ஃப்ரீசரில், மைனஸ் 20இல், ஹெர்பேரியம் எண் ஒட்டிய குழாயில் இருக்கிறது.